ஈரவிறகின் குறையேடு

நலம் பெருகுக. மழை வேண்டும் மட்டும் பெய்து, வேண்டாதபோது நிற்க.

வெண்கோட்டு மலையையும் அதன் அடியில் உள்ள ஐந்து ஊர்களையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோ சேந்தனார் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் காரி பூவன் எழுதுவித்து, நாவற்கரை ஊர்மன்றத்துப் பெருமக்களுக்கும், மற்ற நான்கு ஊர் மன்றத்தார்க்கும், கவிக்கொடியில் ஏடு தொங்கவிடும் யாவர்க்கும் விடுக்கும் ஓலை. ஆட்சியாண்டு பதினொன்று, ஆவணி ஏழாம் நாள். நும் ஏரி நிறைந்ததென்றும், நும் சந்தை கூடுகிறதென்றும், நும் மக்கள் பசியின்றி உறங்குகிறார்கள் என்றும் கேட்டுக் கோ மகிழ்ந்தார். இனிச் செய்தி.

நீங்கள் அறிந்ததே எனினும், பின்னால் வருவோர் படிக்கும்பொருட்டு வழக்கம் முதலில் சொல்லப்படுகிறது. ஐந்து ஊரிலும் சந்தை மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஒரு கயிறு உண்டு. அதன் பெயர் கவிக்கொடி. அரசவைப் புலவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. பூ விற்பவரும் உப்பு அளப்பவரும் ஓடம் தள்ளுபவரும் நான்கு வரி கீறி, புனைபெயர் இட்டு, காலையில் பெட்டியில் போட்டுச் செல்வர். காவலர் எடுத்துத் தொங்கவிடுவார். படித்தவர் மறுமொழி எழுதி அதன் அடியிலேயே கட்டுவர்; அந்த மறுமொழி ஏடு பின்பு உரியவரைச் சேரும். அமாவாசைதோறும் எல்லா ஏடுகளும் படியெடுக்கப்பட்டு மற்ற ஊர்களுக்குப் போகும். இப்படி, முகம் அறியாதவர்கள் முகம் அறியாதவர்களோடு பல ஆண்டு சண்டையிட்டு வருகிறார்கள். தன் ஏட்டைத் தொங்கவிடுமுன் பிறர் ஏடு இரண்டுக்கு மறுமொழி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அவ்விதி இல்லையேல் எல்லாரும் பாடுவர், ஒருவரும் கேளார் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

நான்காம் வரி வாராதவர் மூன்று வரியோடும் தொங்கவிடலாம். அது குறையேடு. பிறர் நான்காம் வரி எழுதி அனுப்புவர். உரியவர் அவற்றில் ஒன்றை ஏற்பார், மற்றவற்றை மறுப்பார். ஏற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டாம். மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். ஏற்றதும் பாட்டு நிறைந்து, இருவர் பெயரோடும் ஊர்ப்புத்தகத்தில் ஏறும். ஊர் சுற்றி முடித்த பழைய ஏடும், வந்த வரிக்கு இரண்டு திங்கள் உரியவர் பதில் எழுதாத குறையேடும் கழற்றி ஆற்றில் விடப்படும். இறந்தவர் ஏட்டில் கறுப்பு நூல் கட்டப்படும். அதன்பின் யாரும் அதில் எதுவும் கட்டலாகாது. அடுத்த அமாவாசையில் அதுவும் ஆற்றுக்குப் போகும்.

காவலர்க்கும் ஒரு விதி உண்டு. அவர் பாடலாகாது. நன்று என்றும் தீது என்றும் சொல்லலாகாது. வரி எண்ணலாம், வசை இருந்தால் தடுக்கலாம். அவ்வளவே.

கடந்த தைத் திங்களில் ஈரவிறகு என்ற புனைபெயரோடு நாவற்கரைக் கொடியில் ஒரு குறையேடு ஏறியது.

அடுப்பில் வைத்தாய், புகைந்தேன்.
வெயிலில் வைத்தாய், ஒரு பக்கம் காய்ந்தேன்.
மறுபக்கம் புரட்ட ஒரு கை வேண்டும்.

ஐந்து ஊரிலிருந்தும் ஐந்து வரி வந்தன. குறும்பாறைக் கொல்லர் ஒருவர், "கை வேண்டாம், தீயே வரட்டும்" என்று எழுதினார். நாவற்கரையிலேயே பூ விற்கும் நீலி, வாடாதது என்ற தன் புனைபெயரில், "காத்திரு, நாளையும் வெயில் வரும்" என்று கட்டினாள். உவர்த்துறை உப்பளக் கண்காணி நக்கனார், புளித்தமோர் என்ற பெயரில், "காற்று வரும், அது புரட்டும்" என்று அனுப்பினார். மற்ற இருவர் வரிகளும் இப்படியே. ஐவர்க்கும் ஈரவிறகின் பதில் போயிற்று. ஐவர்க்கும் ஒரே பதில். "நன்று. ஏற்கிறேன்."

ஒரு தலைக்கு ஐந்து குடுமி ஆயிற்று. ஆனியில் குறும்பாறையார் பறை அறைந்து கொல்லருக்கு மாலை சூட்டினர். நீலி சந்தையில் சர்க்கரைப் பொங்கல் வழங்கினாள். பிறகு படிகள் ஊர்மாறி வந்தன. எங்கள் வரிதான் ஏற்கப்பட்டது என்று ஐந்து மன்றமும் ஓலை விடுத்தன. அவற்றோடு ஆறாவதாக ஒன்று வந்தது. அது நக்கனார் எழுதியது. அதைக் கோ இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஈரவிறகு என்னும் அம்மையை ஆறு ஆண்டாக அறிவேன். முகம் அறியேன். இந்த ஆறு ஆண்டில் என் வரி ஒன்றையும் அவர் நன்று என்றதில்லை. உப்பு அளப்பவர் பாட்டில் உப்பே இல்லையே என்றார். புளித்தமோரே, உம் உவமையைக் கடைந்தால் வெண்ணெய் வராது, கைவலிதான் வரும் என்றார். இப்போது இரண்டு சொல் வந்திருக்கிறது. இது அவர் அல்லர். யாரோ அவர் பெயரை எடுத்து உடுத்திக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்க வேண்டும். என் வரி ஏற்கப்பட வேண்டாம்."

ஓலைநாயகம் நாவற்கரை வந்து மண்டபத்தில் விசாரணை வைத்தது நீங்கள் அறிந்தது. நக்கனார் இரண்டு நாள் ஓடத்தில் வந்திருந்தார். கக்கத்தில் ஒரு துணிக்கட்டு. கொடிக்காவலன் எயினன் அழைக்கப்பட்டான். வயது இருபத்தெட்டு. தலைநகர்க் கல்விச்சாலையில் பயின்றவன். கையில் இருந்த நூற்கண்டைக் கீழே வைக்காமலே வந்து நின்றான். அந்தப் பதில்களை எழுதியது யார் என்று கேட்கப்பட்டது. தான்தான் என்றான். மறுக்கவில்லை, தயங்கவும் இல்லை. யாரோ நாழிகை கேட்டதற்குச் சொன்னதுபோல் இருந்தது. இனி வருவன, விசாரணை முறைப்படி, வாயில் வந்தபடியே எழுதப்பட்டவை.

நக்கனார் எழுந்து சொன்னது: "ஏன்யா காவல்காரரே, வேலியே பயிரை மேயுதா? அந்தம்மா எங்க? கூப்பிடுங்க. அவங்களே வந்து என்னை நாலு திட்டு திட்டட்டும், நான் பாட்டுக்குப் போயிடறேன்."

எயினன் சொன்னது: "அவ இல்லைங்க."

"எந்த ஊருக்குப் போயிருக்காங்க?"

"மாசியில செத்துட்டா. காய்ச்சல். ஏழு நாள். என் வீட்டுக்காரி."

எயினன் மனைவி பூதி இறந்ததை ஊரே அறியும். பூதிதான் ஈரவிறகு என்பதை ஊர் அறியாது. முதலில் வாய் திறந்தவள் நீலி. "பூதியா? அடிப்பாவி! என் பாட்டுல பூவும் இல்லை, நாரும் இல்லைன்னு எழுதிட்டு, மறுநாள் காலையில எங்கிட்டயே வந்து ஒரு முழம் வாங்கி, மேல கொசுறும் கேட்டாளே! நானும் சிரிச்சுக்கிட்டே குடுத்தேனே!" என்றாள். பிறகு பூக்கூடையை மூடிவைத்தாள்.

எயினனுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தெரியும். கையெழுத்து தெரியும். காலையில் பெட்டியைத் திறப்பான். மற்ற ஏடுகளோடு அவள் ஏடும் கிடக்கும். வரி எண்ணுவான். நான்கு இருந்தால் மாட்டுவான். வீட்டில் அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவனும் பேசியதில்லை. காவலன் நன்று தீது சொல்லலாகாது என்ற விதியை அவன் வீட்டிலும் வைத்துக்கொண்டிருந்தான். ஆறு ஆண்டு.

மாசிக்குப் பிறகு கறுப்பு நூலை அவன் எடுத்தான். முடிச்சுப் போடும் அளவுக்கு வெட்டவும் செய்தான். பிறகு பையில் வைத்துக்கொண்டான். கட்டாததற்குக் காரணம் கேட்டபோது, அன்று சந்தை நாள், வேலை இருந்தது என்றான். மறுநாள் ஏன் கட்டவில்லை என்று கேட்டபோது கையில் இருந்த நூற்கண்டைச் சுற்றினான். பங்குனியில் முதல் வரி வந்தது. இரண்டு திங்களில் பதில் எழுதாவிட்டால் ஏடு ஆற்றுக்குப் போகும். அவள் ஆற்றங்கரையில்தான் எரிக்கப்பட்டாள். இதை அவன் சொல்லவில்லை. ஊர்மன்றத்தார் சொன்னார்கள்.

எல்லாரையும் ஏன் ஏற்றாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "மறுக்கணும்னா காரணம் எழுதணும். எனக்கு ஒண்ணும் வரலை. நன்றுன்னா காரணம் வேணாம்."

"அஞ்சு பேரையும் ஏத்துக்கிட்டா அஞ்சு பாட்டாயிடும்னு தெரியாதா?"

"தெரியும். அப்போ நினைக்கலை."

நக்கனார் தூணடியில் உட்கார்ந்திருந்தார். துணிக்கட்டை அவிழ்த்தார். உள்ளே நாற்பத்தோரு ஏடுகள். "ஆறு வருசத் திட்டு. ஒண்ணு விடாம வச்சிருக்கேன். என் பொண்டாட்டி, இதென்ன பொக்கிஷமான்னு கேப்பா" என்றார். எயினன் வீட்டில் அவள் எழுத்து ஒன்றும் இல்லை. எழுதியவை எல்லாம் கொடி ஏறி, ஊர் சுற்றி, முறைப்படி ஆற்றில் போய்விட்டன. இதையும் கேட்டபிறகுதான் சொன்னான்.

துணிக்கட்டிலிருந்து ஓர் ஏட்டை நக்கனார் தேடி எடுத்து ஓலைநாயகத்திடம் கொடுத்தார். சென்ற மார்கழியில் வந்தது. யார் பாட்டும் பிடிக்காத நீர் ஏன் இன்னும் கொடிக்கு வருகிறீர் என்று அவர் கேட்டிருந்தாராம். அதற்கு அவள் மறுமொழி அவையில் படிக்கப்பட்டது.

"என் வீட்டில் ஒருவர் இருக்கிறார். நான் பேசினால் தலையாட்டுவார். கொடியில் தொங்குவதை மட்டும் கடைசி எழுத்துவரை படிப்பார். அது அவர் வேலை. ஆகவே தொங்கவிடுகிறேன். நீர் நடுவில் புகுந்து உவமை சொல்லிக்கொண்டிருக்கிறீர்."

எயினன் அந்த ஏட்டை வாங்கிப் பார்த்தான். படிக்கும்போது உதடு அசைந்தது. வரி எண்ணுகிறான் என்று அருகில் நின்றவர்க்குத் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தான். சொல்ல ஏதும் உண்டா என்று கேட்கப்பட்டது.

"மூணு வரி இருந்துச்சு. குறையேடுன்னு சீட்டுக் கட்டி மாட்டினேன். எனக்குன்னு தோணலை" என்றான்.

பிறகு, மேற்கே இருட்டி வருகிறது, சாரல் அடித்தால் ஏடுகள் நனையும், உள்ளே எடுக்க வேண்டும் என்று விடை கேட்டான். கொடுக்கப்பட்டது. நக்கனாரும் போய் எடுத்துக் கொடுத்தார்.

இவையனைத்தும் கோவின் முன் வைக்கப்பட்டன. அவர் தீர்ப்பு இது.

இறந்தவர் ஏற்பதில்லை, மறுப்பதும் இல்லை. ஆகவே ஐந்து ஏற்பும் செல்லா. ஐந்து ஊர்ப்புத்தகங்களிலும் நான்காம் வரி அடிக்கப்படுக. குறும்பாறையார் அறைந்த பறையைத் திரும்பப் பெற இயலாது. கொல்லர் மாலையை வைத்துக்கொள்க.

எயினன் தன் பெயரில், தன் கையால், ஐந்து வரிக்கும் மறுப்பும் காரணமும் எழுதி அனுப்புக. அவன் தப்பிக்க நினைத்தது அதிலிருந்தே. இது முன்பே ஆள்வழி அவனுக்குச் சொல்லப்பட்டது; முதற்காரணம் எழுத அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று என்றும், அது ஏற்கெனவே நக்கனாரைச் சேர்ந்துவிட்டது என்றும் அறிகிறோம். "காற்று இலையைப் புரட்டும். விறகைப் புரட்டாது. கையில் தூக்கிப் பாரும்" என்பது அதில் உள்ளது. நக்கனார் அதைப் படித்துவிட்டு, "பரவாயில்லை, பாதி அவங்க சாடை இருக்கு" என்று சொல்லித் தம் துணிக்கட்டில் நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்தாராம். மற்ற நான்கும் ஐப்பசிக்குள் போக வேண்டும்.

எழுதியவன் காவலனாக இருத்தல் ஆகாது. எயினன் காவலிலிருந்து நீங்குக. அவனிடம் பழி இல்லை. ஊர்மன்றத்தார் வேறொருவரை வைக்க. பாட அறியாதவரைத் தேட வேண்டாம். வீட்டுக்குப் போனபின் விதியைக் கழற்றி வைக்கத் தெரிந்தவரைத் தேடுக. எயினன் இனி எல்லாரையும் போல ஊரான். ஏடு தொங்கவிட விரும்பினால், எல்லாரையும் போல இரண்டு பேருக்கு முதலில் மறுமொழி கட்ட வேண்டும். விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது.

கறுப்பு நூல் வேண்டாம் என்று நக்கனாரும் நீலியும் சேர்ந்து விண்ணப்பித்தனர். அது மறுக்கப்படுகிறது. மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும் ஆதலின் எழுதுகிறோம்: இறந்தவர் இறந்தவரே. இவ்வோலை படிக்கப்படும் நாளில், ஊரார் முன்னிலையில், எயினன் பையில் உள்ள அதே நூல் கட்டப்படுக. அவனே கட்டுக.

ஆயினும் அந்த ஏடு ஆற்றுக்குப் போகாது. மண்டபத்துப் பெட்டியில், ஊர்ப்புத்தகத்தோடு வைக்கப்படுக. நான்காம் வரியின் இடம் வெறுமையாக இருக்க. எந்த அதிகாரியும் அதைப் பற்றி எயினனிடம் கேட்கலாகாது.

பனை ஓலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் உரியது. ஆண்டுதோறும் தைத் திங்களில் பெட்டி திறந்து ஏடுகளை வெயிலில் இடுவது நும் வழக்கம். அப்போது இந்த ஏடும் இடப்படுக. ஒரு பக்கம் காய்ந்தபின் மறுபக்கம் புரட்டப்பட வேண்டும். அந்த வேலை எயினனுடையது. அவன் உள்ளவரை வேறு கை அதில் படலாகாது.

இது கோவின் சொல். கேட்டவர் கேளாதவர்க்குச் சொல்லுக. மெழுகு உருக்கி, வெண்கோட்டு இலச்சினை இடப்பட்டது.