வான்கோழியைத் தனியே வளர்க்க வேண்டும்

சாந்தோம், நவம்பர் 1946

அன்புத் தங்கைக்கு,

பாலவாக்கத்தில் வான்கோழி வளர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள். நாட்டுக்கோழியோடு சேர்த்து விடாதே. கோழி நன்றாகத்தான் இருக்கும். அதனிடமிருந்து தொற்றும் நோயில் வான்கோழிக் குஞ்சுகள் செத்துவிடும். எங்களுக்கு இரண்டுதான் மிஞ்சின.

குஞ்சுகளுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. உன் அத்தான்தான் விரலால் தவிட்டைத் தட்டித் தட்டிக் காட்டுவார். இப்போது அதையும் நானே செய்கிறேன். அவர் பின்கட்டு அறையில் இருக்கிறார். இருமல் நிற்கவில்லை. தட்டு, தம்ளர் எல்லாம் தனி. டாக்டர் சொன்னபடிதான் செய்தேன்.

நேற்று சோற்றை அறை வாசலில் வைத்தேன்.

"வான்கோழியத் தனியா வைக்கணும்னு நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்," என்று சிரித்தார். "நல்லாத்தான் கத்துக்கினே."

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எழுந்து போ," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளை இங்கே கூட்டி வராதே. கேட்டால், பெரியப்பா ஊரில் இல்லை என்று சொல்.

உன் அக்கா