அலிபிரியில் விட்ட செருப்பு

பாப்பாவின் நைனாவுக்கு,

அன்று நீங்கள் தள்ளிவிட்டதில் வந்த கணுக்கால் வீக்கம் என்றைக்கோ வடிந்துவிட்டது. அதை நீங்கள் கேட்கவில்லை. செருப்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஸ்போர்ட்ஸ் சாண்டல் மெத்தைபோல இருந்தது உண்மைதான். "அதைப் போட்டுக்கினு ஊட்டுக்கு வந்துடு, நடந்ததை மறந்துடு" என்று போனில் சொன்னீர்கள். சந்திரகிரிக் கோட்டையை வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது இப்போது என் வேலை. அந்தப் பாறையில் உங்கள் செருப்பு இரண்டு மாதம் தாங்கவில்லை. முதல் மழையிலேயே வெல்க்ரோ பட்டை ஒட்டாமல் போனது, பிறகு அடிப்பாகம் வாயைப் பிளந்தது.

என் சம்பளத்தில் வேறொன்று வாங்கினேன். முதல் வாரம் குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியது. விடாமல் நடந்தேன். ஏழு மாதமாகிறது, ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

போன சனிக்கிழமை பாப்பாவோடு திருமலைக்கு நடந்தே போனேன். மலையடிவாரத்தில், அலிபிரியில் என் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். உங்களுடையதைப் பையிலிருந்து எடுத்து மரத்தடியில் போட்டேன்.

கோயிலில் செருப்பு தொலைந்தால் பிடித்த பீடையும் தொலைந்தது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? இது தானாகத் தொலையவில்லை. நானே தொலைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படி ஏறினேன்.

பாப்பாவின் அம்மா