பின் ரூமுக்கு எட்டாத வைஃபை

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மலை தெரியவில்லை. மில்லில் ஒரு மோட்டார் சூடேறிக்கொண்டே இருந்தது, மதியம் வரை அதோடுதான். சாப்பாடு ஆறிப்போய் இரண்டரைக்கு.

ஆறரைக்கு யாழினி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆட்டத்துக்குள் வந்தாள். டிவியில், ஆளுக்கொரு வீட்டிலிருந்து நெட் வழியாக ஆடும் லாரி ஆட்டம். அவள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் இருந்து வழி சொல்ல வேண்டும். மலைப்பாதை. பெரிய வளைவில் பாதியில் லாரி அப்படியே நின்றது. "ஓட்டு, ஓட்டு, ஏட்டி ஓட்டு!" என்றேன். கொஞ்சம் கழித்துக் குரல், விட்டு விட்டு: "அப்பா... நெட்டு சரியில்லப்பா." போய்விட்டாள். மணி 6.41.

பதினோரு நிமிடம்.

மாலதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது: நான் அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது. போன் பண்ணக்கூடாது. செவ்வாய், வியாழன், சனி, ஆறரை முதல் ஏழு வரை ஆட்டத்தில் மகளோடு பேசிக்கொள்ளலாம். யாழினிக்கு வாங்கிக் கொடுத்த கேம் கன்சோல் அங்கே போய்விட்டது. இதற்காகவே நான் பழசு ஒன்று வாங்கினேன். கிடைப்பதே அரை மணி. அதையும் நெட் தின்கிறது.

வைஃபை ரவுட்டர் மாற்ற வேண்டும்.

நவ. 5, புதன்

தூறல். கொடியில் துணி காயவில்லை.

நெட் கனெக்‌ஷன் கொடுத்த அந்தோணி சேத்தூரிலிருந்து வரும் வழியில் வந்து பார்த்தான். போனை வைத்து அறை அறையாக அளந்தான். பட்டனை அழுத்தியது அங்கே போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்கிற கணக்குக்குப் பெயர் பிங்காம். குறையக் குறைய நல்லது.

முன் ரூம் – 18
நடை – 40
பின் ரூம், கன்சோல் பக்கத்தில் – 160. சில நேரம் 300.

நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. மாலதியின் சீர் பீரோ.

"அண்ணே, பெட்டியோட வந்த வைஃபை அம்புட்டுதான். ரெண்டு அலைவரிசை இருக்கு. ஒண்ணு செவத்தத் தாண்டும், ஆனா மெதுவு, தெருவே அதுலதான் ஓடுது. இன்னொண்ணு நல்ல வேகம், செவத்தக் கண்டா படுத்துரும். வெளாட்டுக்குன்னா வேற ரவுட்டர் போடுங்க. இல்லேன்னா வயரு இழுங்க. வயரு மாதிரி எதுவும் வராது."

டிவியை முன் ரூமுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் கதவைத் திறந்தால் தெரு. நாற்பத்து நான்கு வயது ஆள் பொம்மை லாரிக்குக் கத்துவதை நாலு பேர் பார்க்க வேண்டாம்.

நவ. 6, வியாழன்

மில்லிலிருந்து நேரே கடைக்கு. கடைக்காரர் மூன்று ரவுட்டரை எடுத்து வைத்தார்.

1. இரண்டு கொம்பு, ஆன்டெனாவைத்தான் சொல்கிறேன். சாதா. வேண்டாம்.
2. நாலு கொம்பு. கன்சோலுக்கு மட்டும் முதல் வழி விடும்படி வைத்துக்கொள்ளலாம். பின்னால் நாலு வயர் துளை.
3. ஆறு கொம்பு. சிவப்பு லைட் எரியும். லைட் எனக்கு எதற்கு?

"எத்தன கன்சோலுண்ணே?"

"ரெண்டு. ஒண்ணு வேற ஊர்ல."

"வீட்ல எத்தன பேரு நெட்டு பாப்பீய?"

"ஒருத்தன்."

அவர் ஆறு கொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். யோசித்து வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆறரை. ஒன்பது நிமிடம். மறுபடி லாரி நின்றது, மறுபடி நெட். ஹெட்செட்டில் பின்னால் மாலதி குரல். "முடிஞ்சுதா?" சாதாரணமாகத்தான் கேட்டாள், அடுப்பில் இருப்பதை இறக்கியாச்சா என்பது போல. எட்டு மாதத்தில் நான் கேட்ட அவள் குரல் அதுதான்.

நவ. 7, வெள்ளி

நாலு கொம்பு வாங்கியாகிவிட்டது. முன் ரூமில் வைத்தேன். பின் ரூமில் 70. நடையில் மரப்பலகை மேல் ஏற்றினேன். 45. பீரோவை நகர்த்தினேன். 38, திடீரென 120.

கடைசியில் வயர்தான். ஓட்டை போட்டு, கதவுச் சட்டம் ஓரமாக ஆணியடித்து, நெட் பெட்டியிலிருந்து நேரே கன்சோலுக்கு. ஒன்றரை மணி நேர வேலை. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருப்பவனுக்கு இதற்கா இவ்வளவு யோசனை?

பிங் 9. பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் 9.

தோசை மூன்று. பசித்தது.

நவ. 8, சனி

மழை விட்டு வெயில். அரை நாள் ஷிப்ட்.

ஆறரைக்கு வந்தாள். லாரி நன்றாக ஓடியது. என் பக்கம் ஒரு தடங்கலும் இல்லை. இரண்டாவது பாலத்தில் சரக்கோடு பள்ளத்தில் விட்டாள். பார்த்து ஓட்ட வேண்டாமா என்றேன். அடுத்த வளைவில் லாரி நின்றது. "நெட்டு கட்டாவுதுப்பா." மணி 6.44.

இங்கே பிங் 9.

திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஆள் நெட்டில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மட்டும் போகவில்லை. வேறு ஏதோ ஆட்டத்தில் இருந்தாள். ஏழரை வரை இருந்தாள். பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆட்டம் லேசானதாக இருக்கும். அதற்கு நெட் அதிகம் வேண்டாம். அவர்கள் வீடு பழைய கல்சுவர், அங்கேதான் வைஃபை எட்டவில்லை. எனக்கு இப்போது வயர் இருக்கிறது. நாலு கொம்பை அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

நவ. 9, ஞாயிறு

போகக்கூடாதுதான். போனேன். ரவுட்டர் டப்பாவை டாங்க் மேல் வைத்துக்கொண்டு பைக்கில். சாலை பிரியும் மம்சாபுரம் விலக்குப் பக்கம் செத்த நேரம் நின்று யோசித்தேன். திரும்பியிருக்கலாம்.

வாசலில் மாலதியின் தம்பி கணேசன். கேட்டைத் திறக்கவில்லை.

"அத்தான், பேசுனது என்ன? நீங்க இங்க வரக்கூடாதுல்ல."

"இந்த ரவுட்டரக் குடுத்துட்டுப் போயிருதேன். பிள்ளைக்கு நெட்டு கட்டாவுதாம்."

"எங்க நெட்டுக்கு என்ன? நான் வீட்ல இருந்துதான் ஆபீஸ் வேலயே பாக்கேன். ஒரு நாளும் கட்டானதில்ல."

யாழினி வெளியே வந்தாள். தலைக்குக் குளித்து ஈரத் தலை. உயரமாகிவிட்டாள். படியிலேயே நின்றுகொண்டாள்.

"மாமா, நான் சொல்லுதேன். அப்பா, நெட்டு நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு பாப்பா?"

"நீங்க கத்துதீங்க. ஹெட்செட்டுல காதுக்குள்ளயே கேக்கு. அன்னைக்கு அம்மாவ அடிக்கும்போது கத்துனீங்கல்ல, அதே மாதிரி. லாரி தானா நிக்கல. நான்தான் நிப்பாட்டுவேன்."

"மில்லு சத்தத்துல கத்திக் கத்திப் பேசிப் பழகிருச்சும்மா."

"மில்லுல யாரயும் அடிப்பீங்களா?"

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். கணேசன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "கெளம்புங்க அத்தான்" என்றான், மெதுவாக. மாலதி வெளியே வரவில்லை. டப்பா என்னோடே திரும்பி வந்தது.

நவ. 10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

இதுவரை எழுதாததை எழுதுகிறேன். மார்ச் மாதம். மாலதி டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். அவ்வளவுதான். எல்லோரிடமும் "கோபத்துல கை பட்டுருச்சு" என்றே சொல்லி வந்திருக்கிறேன். பெரியவர்களிடமும் அப்படித்தான். படவில்லை. அடித்தேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை அவள் கீழே உட்கார்ந்துவிட்ட பிறகு. யாழினி பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். பிரிட்ஜ் கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது. நான்தான் போய் மூடினேன், கரண்ட் வீணாகிறது என்று திட்டிக்கொண்டே.

அது முதல் தடவையும் இல்லை.

நவ. 11, செவ்வாய்

மறுபடி மூட்டம். வேலைக்குப் போனேன்.

ஆறேகாலுக்கே உட்கார்ந்தேன். ஹெட்செட்டின் மைக்கை அணைத்தேன். அவளுக்கு எழுதி அனுப்பினேன்: "மைக்கை அணைத்துவிட்டேன். நான் பேச மாட்டேன். உனக்கு வேண்டாம் என்றால் வர வேண்டாம், அப்பாவுக்குக் கோபம் இல்லை." கடைசியைத் திரும்பப் படித்தேன். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? அதற்குள் மெசேஜ் போய்விட்டது.

6.30. இல்லை.
6.40. பச்சைப் புள்ளி. வேறு ஆட்டம்.
6.52. லாரிக் கதவு திறந்தது.

ஓட்டினாள். நான் அம்புக்குறியை மட்டும் காட்டினேன். அவள் மூச்சு கேட்டது. மூன்றாவது வளைவில் சரக்கோடு பள்ளத்தில் விட்டாள். நான் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன், மைக் அணைந்திருந்தும். அவள் செத்த நேரம் எதையும் தொடவில்லை. சத்தம் வருகிறதா என்று பார்த்திருப்பாள். பிறகு ரிவர்ஸ் போட்டு, மூன்று தடவை வழுக்கி, மேலே ஏற்றிவிட்டாள்.

"ஏழாயிருச்சு" என்றாள். போய்விட்டாள்.

வியாழக்கிழமை வருவாயா என்று கேட்க முடியாது.