அம்மாவும் நானும் இழுத்த ரப்பர் பட்டை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே எல்லாம் சுகம் என்று எழுதினால் நீ உடனே போன் போட்டுக் குறுக்கு விசாரணை செய்வாய், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு நான்காவது தடவை மருந்து ஏற்றுவதைப் புற்றுநோய் டாக்டர் தள்ளிவைத்தார் அல்லவா, உடம்பில் பலம் போதாது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் அரை நிமிடத்தில் எட்டு முறையாவது எழுந்து உட்கார்ந்தால்தான் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார், அன்றைக்கு அவளால் ஐந்துதான் முடிந்தது. அதற்காக ஆஸ்பத்திரி மாடியில் நோயாளியும் துணைக்கு இருப்பவரும் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறோம். எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் நீளமாக ஒரு ரப்பர் பட்டை, ஒரு முனை அம்மாவிடம், மறுமுனை என்னிடம், ஒருவர் காலை அழுத்தி ஊன்றி இழுக்க மற்றவர் விடாமல் பிடிக்க வேண்டும். மூன்று வாரம் ஒரு நாள் தவறாமல் போனோம், சோதித்தபோது பழைய ஐந்தேதான். பயிற்சி தரும் பெண் எங்கள் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பட்டை துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து கிடந்திருக்கிறது. அம்மாவுக்குக் கை வலிக்குமே என்று நான் பிடியைத் தளர்த்தியிருக்கிறேன், உன் அம்மாவோ, உங்களுக்குத் தோள்வலியாச்சே, அதான் மெதுவா இழுத்தேன் என்கிறாள். முப்பத்தாறு வருஷமாக எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி, இதில் மட்டும் இப்படி ஓர் ஒற்றுமை. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூன்று வாரத்தை என் கையாலேயே வீணடித்தேனே. பயந்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அதன்பிறகு நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, பட்டையைத்தான் பார்க்கிறேன். அவளும் வஞ்சனையில்லாமல் இழுக்கிறாள், போன செவ்வாய்க்கிழமை நாற்காலியோடு என்னை ஓரடி நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, பிடிக்க முடியலேன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன் என்றாள். நேற்று மறுபடி சோதித்தார்கள், ஒன்பது. திங்கட்கிழமை மருந்து ஏற்றுகிறார்கள். அது வேலை செய்யுமா என்பது டாக்டருக்கே தெரியாது போலிருக்கிறது, நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். பேத்திக்கு என் ஆசி, எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த மாதம் நீ வரும்போது, சாவி கையில் இருந்தாலும் கதவைத் திறக்காதே. மணியடித்துவிட்டு வெளியே நில். அம்மா எழுந்து வந்து திறப்பாள். கொஞ்சம் நேரமாகும்.

இப்படிக்கு,
உன் அப்பா