உன் அம்மாவின் பங்கு

வால்யெவோ, நவம்பர்

அன்பு மகள் விஷ்னாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் என் பேரன் வுக் பயலும் வியன்னாக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பன்றிகள் கொழுத்துவிட்டன; நான்தான் இளைத்துவிட்டேன். ஆணியை வைத்து பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டேன்.

வசந்த காலத்தில் டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "கல்லீரல் கெட்டுப்போச்சு, சாராயத்த விட்டுடுங்க" என்றார். "நீ குடிய விடுற வரைக்கும் புள்ளைய அங்க கூட்டிட்டு வரமாட்டேன்பா" என்று நீ போனை வைத்தாய். அன்றே சத்தியம் செய்தேன். மதியச் சாப்பாடு வரை தாங்கியது. அதற்கே ஊரில் எனக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

பிறகு வேறு வழி பிடித்தேன். செத்தவர்களுக்கு ஒரு துளி மண்ணில் ஊற்றிவிட்டுத்தானே குடிக்கிறோம்? உன் அம்மாவுக்கு ஊற்றும் துளியைத் தினமும் கொஞ்சம் பெரிதாக்கினேன். காலையில் ஒரே கிளாஸ், அதோடு சரி. பிளம் பறிக்கும் காலத்தில் பாதி அவளுக்குப் போனது. சாராய வாடைக்கே மூக்கைப் பொத்தியவள், எனக்குச் சமமாகக் குடித்தாள்! நான் ஊற்றுகிற அக்ரூட் மரத்தடியில் புல் கருகிவிட்டது. கோழி ஒன்று அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. பக்கத்து வீட்டு மிலுட்டின் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "யோவ், நீ குடிக்கிறியா, மரத்துக்குத் தண்ணி பாய்ச்சுறியா?" என்றான். "என் பொண்டாட்டிக்கு ஊத்துறேன், உனக்கென்னய்யா வயித்தெரிச்சல்?" என்றேன்.

போன மாதம் அவளுடைய நினைவு நாளில், கல்லறையில் முழு கிளாஸையும் அவளுக்கே ஊற்றினேன். மிலுட்டினே தொப்பியைக் கழற்றினான். பெருமை தாங்காமல் வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பாய். உன்மேல் குறையில்லை. போன் இல்லாவிட்டால் பூனையைக் காரணம் சொல்லியிருப்பேன். பாட்டிலை எடுத்தேன். அந்தப் பாட்டிலிலிருந்து அவளுக்கு ஒரு துளிகூட ஊற்றவில்லை.

மறுநாள் மறுபடி துளியிலிருந்து ஆரம்பித்தேன். இன்று காலை கால் கிளாஸ் அவளுடையது. டிசம்பரில் நம் குடும்பத்தைக் காக்கும் புனித நிகோலாவின் திருநாளுக்குள் முழு கிளாஸும் அவளுக்குப் போய்விடாது. அந்த அளவுக்கு எனக்கும் கணக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும் போல. போன வாரம் போனபோது அவர் என்னைத் திட்டவே இல்லை.

திருநாளன்று விருந்தாளிகளோடு வீட்டுக்காரன் கிளாஸைத் தூக்காமல் இருக்க முடியாது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிரப்பு. தண்ணீரை ஊற்றினாலும் குடிக்கிறேன். வுக்கையும் கூட்டிக்கொண்டு வா. நான் முழுதாகத் திருந்தட்டும் என்று காத்திருக்காதே, கண்ணே. உன் அம்மா அப்படித்தான் காத்திருந்தாள்.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். பேரனுக்கு என் முத்தம். அதில் இப்போது கொஞ்சம் சாராய வாடை அடிக்கும். நீங்கள் வருவதற்குள் இன்னும் குறைந்திருக்கும்.

அப்பா
ஸ்தானொயே