ஹஸனுடைய பாதி

கல்முனைக்குடி,
12.01.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீங்கள் நோய் நொடியில்லாமல் இருக்க நதீரா துஆ கேட்கிறேன். நம் மகன் ஹஸனுக்காக அழுது நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன். அதற்குள் வேறொன்றும் இல்லை.

கூரைக்குத் தகரம் கிடைத்துவிட்டது. சூறாவளி முறித்த தென்னைகள் வளவில் அப்படியே கிடக்கின்றன. குசினிச் சுவரோடு ஹஸன் மேல் விழுந்த மரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். விழுந்த தேங்காயெல்லாம் தின்று முடிந்தது. நிவாரண மாவில் தேங்காய்ப்பூ இல்லாமல் அவித்த பிட்டு தொண்டையில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பாலம்மாவின் புருஷனுக்குத் தோணியும் இல்லை, வலையும் இல்லை. எனக்கு மீன் தந்தவள் இப்போது உப்புக் கேட்டு வருகிறாள்.

இனி மகள் சுஹறாவின் விஷயம். எழும்பி நடந்தால் கால் நடுங்குகிறது. ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்த டொக்டர், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பதில்லையா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது மச்சான். நான் தின்னாவிட்டாலும் அவளுக்குக் கொடுக்கிறேன். அவள் பாதிதான் தின்கிறாள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பீங்கானில்தானே சாப்பிடுவார்கள். நடுவே விரலால் கோடு கிழித்துச் சண்டை பிடிப்பார்கள். தம்பியின் ஜனாஸாவை அடக்க எடுத்தபோது சுஹறா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்துத் தம்பியைத் தேடியபோது, வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்திருந்த என் உடன்பிறந்த பாத்தும்மா ராத்தா, "தம்பி எங்கட ஊட்ட இரிக்கான் மகள், வருவான், நீ தின்னு" என்று சொல்லிவிட்டார். பிள்ளை தின்னட்டும் என்றுதான் சொன்னார். நானும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து சுஹறா பிட்டில் கோடு கிழித்து, தன் பாதியைத் தின்றுவிட்டு மற்றதைத் தம்பிக்கென்று மூடி வைக்கிறாள்.

அந்தப் பாதியை நான்தான் தின்கிறேன். அல்லாஹ் தந்த உணவைக் கொட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். பசி, மச்சான். அவள் தூங்கியதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்கிறேன். விடிந்ததும் வெறும் பீங்கானைக் கண்டு அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். "தம்பி வந்து திண்டுட்டுப் போயிருக்கான் உம்மா" என்கிறாள். நேற்று கோட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் தள்ளிக் கிழித்தாள். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவனுக்குக் கூடுதலாகப் பசிக்குமாம்.

அவன் இல்லை என்று சொன்னால், தின்றது யார் என்று கேட்பாளே. அதற்குப் பயந்துதான் சொல்லாமல் இருக்கிறேன்.

நீங்கள் சொன்னால் நம்புவாள். அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். தம்பி அல்லாஹ்விடம் இருக்கிறான், அங்கே அவனுக்குப் பசியில்லை, அவன் பங்கையும் மகளே தின்ன வேண்டும் என்று எழுதுங்கள். இதுவரை தின்றது யார் என்று மட்டும் எழுத வேண்டாம்.

ரஹ்மானான அல்லாஹ் உங்களுக்கு ஒரு வேளையும் பசியைக் காட்டாமல் இருக்கட்டும். கடிதத்தைச் சுணக்காமல் உடனே போடுங்கள் மச்சான். கோடு தள்ளிக்கொண்டே போகிறது.

உங்கள்
நதீரா