புலி போட்ட அரை ரூபாய்

ஐப்பசி 4, செவ்வாய்

மழை. விடியலிலிருந்து விடவில்லை. உரம் போட வேண்டிய நாள், போடவில்லை. நடவாகி இருபத்தாறு நாள். வயலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.

இந்த நோட்டு சாந்தி டீச்சர் கொடுத்தது. முதியோர் கல்வி வகுப்பில் கடைசிவரை வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பெண்கள், நான். "தினம் ஒரு பக்கம் எழுதுங்கய்யா. யாரும் திருத்த மாட்டோம்" என்றார். மேலே உள்ள ஐந்து வரிக்கு அரை மணி நேரம் ஆனது. நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். நான் எழுதியது. சிரிப்பு வந்தது.

மனைவி கமலம் போய் ஆறு மாதம். இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மகள் வசந்தா உள்ளேயிருந்து: "என்னப்பா, தனியா சிரிக்கிறீங்க?" இனி அவளை வ. என்று எழுதுவேன். கை வலிக்கிறது.

ஐப்பசி 5, புதன்

தூறல். உரம் இன்றும் இல்லை.

கமலத்தின் தகரப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும். உள்ளே இருப்பவை:
பழைய காசுகள், ஒவ்வொன்றும் ஒரு காகித உறையில். உறை நாற்பத்தொன்று.
பிளாஸ்டிக்கில் அடைத்த காசு பதினொன்று. இதற்கு ஸ்லாப் என்று பெயர்.
பூதக்கண்ணாடி ஒன்று.
அவள் மூக்குக் கண்ணாடி. இதை நான்தான் வைத்தேன்.

சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். எட்டாவது படித்தவள். காசு சேர்க்கிற கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று தெரியாது. மாதம் ஒருமுறை தஞ்சாவூர் கீழவாசலில் காதர் பாயின் பழைய காசுக் கடை. நான் கூடப் போவேன், உள்ளே போக மாட்டேன். எதிரில் டீக்கடையில் நிற்பேன். நல்ல காசாக இருந்தால் பாய் பம்பாய்க்கு அனுப்புவார். அங்கே காசைச் சோதித்து, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று எண் போட்டு, யாரும் திறக்க முடியாதபடி அடைத்து அனுப்புவார்கள். எழுபதுதான் உச்சம். எனக்கு வயது எழுபத்தொன்று.

ஒவ்வொரு உறையிலும் அவள் கையெழுத்து. "எழுதப் படிக்கக் கத்துக்கங்க" என்று முப்பது வருடம் சொன்னாள். அவள் போன பிறகு, இந்த உறைகளுக்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன். இதை டீச்சரிடம் சொல்லவில்லை. ரேஷன் கடையில் ஏமாறாமல் இருக்க என்று சொன்னேன்.

ஒரு நாளைக்கு ஒரு உறை. அச்செழுத்து சுலபம், அவள் எழுத்து கஷ்டம். இன்றைய உறை, முப்பத்தைந்தாவது:

"கால் ரூபாய். பாத்திரக் கடையில் பழைய செம்பு போட்டபோது வந்தது. என் கணக்கு 63. பாய் 62 என்கிறார். போகட்டும்."

போகட்டும் என்பதை அவள் குரலிலேயே படித்தேன். நாலு தடவை.

ஐப்பசி 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. உரம் போட்டாயிற்று. இடுப்பு வலி.

மத்தியானம் பதினொரு ஸ்லாப்பையும் கோரைப்பாயில் பரப்பி விளையாடினேன். எண்ணை விரலால் மூடிக்கொண்டு காசை மட்டும் பார்த்து நான் ஒரு கணக்கு சொல்வது, பிறகு விரலை எடுப்பது. பதினொன்றில் இரண்டுதான் சரி. ஒரு காசு, ராணி முகம் போட்டது, எனக்குக் கருப்பாய் அசிங்கமாய்த் தெரிந்தது. 40 என்றேன். 64. இன்னொன்று பளபள. 65 என்றேன். அதற்கு எண்ணே இல்லை, இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. காதர் பாயைக் கேட்க வேண்டும்.

வ. பார்த்துவிட்டு: "அம்மாவோட கிறுக்கு உங்களுக்கு ஒட்டிக்கிச்சு. அம்மா இருந்தப்ப இதுல பாதி ஆசை காட்டியிருந்தீங்கன்னா..." முடிக்காமல் சோறு போடப் போய்விட்டாள்.

ஐப்பசி 7, வெள்ளி

இன்றைய உறை, முப்பத்தேழாவது. படித்தது அப்படியே:

"1947 அரை ரூபாய். புலி. ராசா கிரீடத்தில் ஒரு முத்துகூடத் தேயவில்லை. என் கணக்கு 65. பாய் 64 என்கிறார். பந்தயம். வைகாசியில் அனுப்பணும். என் காசிலேயே இதுதான் உசத்தி."

உறை காலி.

பெட்டியைக் கவிழ்த்தேன். கோரைப்பாயை உதறினேன். மூலையில் உருண்டதா என்று வ. டார்ச் அடித்துப் பார்த்தாள். இல்லை.

பிறகு உறையின் வாயைப் பார்த்தேன். மற்ற உறையெல்லாம் அவள் மடித்து மடித்து வைத்தது. இது கிழிந்திருந்தது. அவசரத்தில் கிழித்த கிழிசல்.

இப்போது ஞாபகம் வந்தது. எழுத முடியவில்லை.

ஐப்பசி 8, சனி

எழுதுகிறேன்.

அன்றைக்குக் கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம் குழைத்து வைத்துவிட்டு என் தங்கை கேட்டாள், "அண்ணே, நெத்திக் காசு ஒண்ணு குடுங்க, சீக்கிரம்." சட்டைப் பையில் இல்லை. உண்டியலில் எல்லாம் கறுத்த சில்லறை. அவளுக்குப் புதுசாய் ஒன்று வைக்க வேண்டும் என்று பட்டது. தகரப் பெட்டி. மேலாக இருந்த உறையைக் கிழித்து விரலை விட்டேன். புத்தம் புதிய காசு, நேற்று அடித்தது போல. ஒரு ரூபாய் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர். எண் எனக்கு அப்போதே தெரியும், பஸ் நம்பர் எல்லாம் பார்ப்பேன். பார்க்கவில்லை. உறையில் ஏதோ கிறுக்கியிருந்தது. அது எனக்கு வெறும் கிறுக்கல்.

தங்கை வாங்கி ஒட்டினாள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்.

என் காசிலேயே இதுதான் உசத்தி என்று எழுதியிருக்கிறாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

தஞ்சாவூர். பஸ்ஸில் ஒருத்தி போனில்: "மழைன்னா மழை, துணி காயல, மாமியாரும் காயல." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாய் கடை. முதல் தடவையாக உள்ளே உட்கார்ந்தேன். சொன்னேன். பாய் லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"புலியா?"

"புலிதான்."

"அந்தக் காசுக்கு நானும் அவங்களும் மூணு மாசம் சண்டை. ராசா கன்னத்துல ஒரு பொட்டுக் கீறல் இருக்கு, 64க்கு மேல போகாதுன்னேன். 'அது கீறல் இல்ல பாய், உங்க லென்ஸ்ல தூசி'ன்னாங்க. தொடச்சுப் பார்த்தேன். தூசிதான்." லென்ஸை எடுத்துத் துடைத்தார். பிறகு, "புதுசு மாதிரி இருக்கறதுதான் ஐயா அதோட உசத்தி. அதனாலதான் நீங்க ஏமாந்தது. தேஞ்சு கிடந்திருந்தா எடுத்திருக்க மாட்டீங்க."

எண் இல்லாத ஸ்லாப்பைப் பற்றியும் கேட்டேன். யாரோ துலக்கின காசாம். புளி, சாம்பல், எது போட்டாலும் மேல்தோல் போய்விடும். கண்ணுக்குப் பளபளக்கும், லென்ஸில் கோடு கோடாய்த் தெரியும். அப்படிப்பட்ட காசுக்கு எண் கொடுக்க மாட்டார்கள், துலக்கியது என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள்.

கிளம்பும்போது பாய்: "சுடுகாட்டுல யார் வேலை பார்த்தாங்களோ அவங்களக் கேட்டுப் பாருங்க. நெத்திக் காசு அவங்களுக்குத்தானே போகும். வெட்கப்படாதீங்க."

ஐப்பசி 10, திங்கள்

போகவில்லை. களை எடுக்க ஆள் வந்தது. அது ஒரு சாக்கு.

நெற்றிக் காசைத் திருப்பிக் கேட்டவன் என்று ஊரில் ஒருவன் கிடையாது. கேட்டால் வீட்டில் இன்னொரு சாவு என்பார்கள். நம்புகிறேனா? பாதி.

ஐப்பசி 12, புதன்

இடி, மழை இல்லை. போனேன்.

செல்வராசு மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். சுடுகாட்டு வேலை அவர்தான், அவர் அப்பாவுக்குப் பிறகு. என்னோடு ஒரே வயலில் நடவு நட்டவர். நான் வரப்பில் நின்று மழையைப் பற்றிப் பேசினேன், மாட்டைப் பற்றிப் பேசினேன். அவரே கேட்டார்.

"என்னண்ணே, எதுக்கு வந்தீங்க, சொல்லுங்க."

"கமலம் நெத்திக் காசு..."

அறுப்பதை நிறுத்திவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த ராசா தல போட்டதா? அது இன்னமும் எங்கிட்டதாண்ணே இருக்கு. அன்னைக்கு டீக்கடையில நீட்டினேன். 'இது யாருய்யா, உன் மாமனாரா? செல்லாது, எடுத்துட்டுப் போ'ன்னுட்டான். எல்லாம் சிரிச்சானுங்க. சரின்னு மடியில போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டிலிருந்து எடுத்து வந்தார். துணியைப் பிரித்தார். "சாவுக்காசு, அப்படியே உள்ள வைக்கக் கூடாதுன்னு எங்க வீட்ல புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு தேச்சு வச்சிருச்சு. சந்தனக் கறை போகவே இல்லியாம், ரெண்டு நாள் தேச்சிருக்கு. இப்ப பாருங்க, எப்படி மின்னுது!"

மின்னியது.

"நல்லா இருக்குப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இதக் கீழ வைக்கிறேன், எடுத்துக்கங்க. குடுத்தத திருப்பி வாங்கினதா இருக்க வேணாம்."

"கையிலேயே குடு" என்றேன். கொடுத்தார். அவர் கை ஈரமாக இருந்தது, புல் வாசம்.

ஐப்பசி 13, வியாழன்

வ. வாசலிலேயே மறித்துவிட்டாள், நேற்று. எழுத மனம் இல்லை, இன்று எழுதுகிறேன்.

"அம்மா நெத்தியில இருந்தது. அது வாசப்படி தாண்டக் கூடாதுப்பா. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"உங்கம்மாவோட காசு."

"அம்மா காசுதான். இப்ப சாவுக்காசு."

அழுதாள். நானும். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

மோட்டார் கொட்டகையில், உறையில் போட்டு, டப்பாவுக்குள் வைத்து, ஓட்டுக்குக் கீழே செருகியிருக்கிறேன். ஓடு ஒழுகுகிறது. கமலம் கொட்டகையில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. அரை மணிக்கு ஒருதரம் போய்ப் பார்க்கிறேன்.

ஐப்பசி 15, சனி

மழை. வடிகால் அடைப்பு எடுத்தேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன்.

நனைந்து வந்ததைப் பார்த்துவிட்டு வ. துண்டு கொடுத்தாள். தலையைத் துவட்டுகையில் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பிளாஸ்டிக்குல பொட்டி மாதிரி அடைச்சு வருமே, அத யாராலயும் தொறக்க முடியாதுல்ல?"

"முடியாது. ஒடச்சாத்தான் உண்டு."

"காத்து போகாது?"

"போகாது."

"அப்ப அடைச்சு எடுத்துட்டு வாங்க. உள்ள வைக்கலாம். அம்மா படத்துக்கிட்ட வேணாம். தகரப் பெட்டியிலேயே."

அவளுக்கும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. அவளும் கமலத்தின் மகள்தானே.

ஐப்பசி 16, ஞாயிறு

தஞ்சாவூர். வெயில், பளீரென்று.

பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம். என்னிடமும் கொடுத்தார். புலி உடம்பெல்லாம் கோடு, சாம்பல் தேய்த்த கோடு. ராசா கன்னத்திலும்.

"எண் வராது ஐயா. அங்க அனுப்பினா துலக்கியதுன்னு எழுதி அடைச்சு அனுப்பிடுவாங்க. அவங்க சொன்ன 65தான் சரி, எனக்கு அப்பவே தெரியும், ஒத்துக்கல. ஆனா இனிமே யாராலயும் அத நிரூபிக்க முடியாது. எதுக்கு அனுப்பணும்?"

"வீட்டுக்குள்ள கொண்டு போக."

சொன்னேன், வ. சொன்னதை. பாய் மறுபேச்சு பேசாமல் படிவத்தை எடுத்தார். அவர் எழுதினார், கையெழுத்து நான் போட்டேன். கலியபெருமாள். இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. பாய் பரவாயில்லை என்றார்.

பிறகு பாய் சொன்னது: "அடைச்சிட்டா அப்புறம் தொட முடியாது. ஒருதரம் கையில வச்சுக்கங்க."

ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினேன். பாய் அப்படித்தான் பிடிப்பார்.

"உங்க வீட்ல எந்தக் காசையும் இருபது வருசமா ஓரத்துலதான் பிடிச்சாங்க. நடுவுல ஒரு விரல் வச்சதில்ல, எண்ணு குறைஞ்சிடும்னு. இப்ப குறைய என்ன இருக்கு. நல்லாப் பிடிங்க."

உள்ளங்கையில் வைத்து மூடினேன். முதலில் சில்லென்று இருந்தது. பிறகு என் சூடு ஏறியது. பாய் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார்.

ஒரு வாடிக்கையாளர் வந்தார். "கொஞ்சம் பொறுங்க, உள்ள ஆள் இருக்கு" என்றார் பாய்.